மூலிகம்: தண்ணீருக்குள் தீவிரவாதி இல்லை

வாழைச்சேனைப் பக்கம் இறால் வளர்க்கும் மாமா ஒருவர் போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். குளத்துத் தண்ணீருக்குள் மிகச் சிறிய வாயுக் குமிழிகளை விடுகிற இயந்திரத்துக்கு விளம்பரம். அதில் கொட்டை எழுத்தில் இருந்த வரி: "நுண்குமிழிகள் நீரிலுள்ள இலவச தீவிரவாதிகளை ஒழிக்கும்."

"என்ன மனே, இத வீட்டில வச்சிருந்தா பிரச்சினை வராதா?" என்றார் மாமா.

சிரித்தோம்தான். ஆனால் முகப்பூச்சு விளம்பரம், தேயிலைப் பெட்டி என்று இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது ஐந்தாவதோ ஆறாவதோ தடவை. சோதனைச் சாவடி வரிசையில் நின்று நின்று வளர்ந்த ஊர் இது. இங்கே ஒருவருக்கும் அந்தச் சொல் உறுத்தாமல் அச்சகம் வரை போய்விட்டதே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சொல்ல வந்தது 'ஃப்ரீ ரேடிக்கல்'. உயர்தர இரசாயனம் படித்த பிள்ளையைக் கேட்டால் உடனே சொல்லும்: சுயாதீன மூலிகம். மீதேனும் குளோரினும் ஒளியில் தாக்கமுறும் பாடத்தில் வரும் அதே ஆள். சோடி சேராத இலத்திரனை வைத்திருக்கும் அணு அல்லது அணுக்கூட்டம். பெரும்பாலும் அது சும்மா இராது. பக்கத்து மூலக்கூறிலிருந்து இலத்திரனையோ அணுவையோ பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் போகும்.

வேர்ச்சொல் பெரிய கதை இல்லை. இலத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். சேர்வைகளுக்குள் அடிப்படையாக நிற்கும் பகுதிக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இரசாயனர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். 1900இல் கொம்பேர்க் என்பவர் அப்படியொன்று சேர்வையை விட்டுத் தனியே நிற்கும் என்று காட்டினார். 'ஃப்ரீ' என்பது அந்தத் தனிநிலைதான். காசில்லாமல் கிடைப்பது அல்ல. அரசியல் 'ரேடிக்கல்' அதே வேரிலிருந்து வேறு பக்கம் போன கிளை. இயந்திர மொழிபெயர்ப்பு அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. நம் ஆட்கள் அதை ஒரு தரம் வாசித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கிறார்கள்.

தீவிரவாதியை ஒதுக்கிவிடலாம், அது வெறும் கவனக்குறைவு. எனக்கு உண்மையான வழக்கு 'இயங்குறுப்பு', 'தனி உறுப்பு' என்ற தமிழ்நாட்டுச் சொற்களோடுதான். மெய்ப்புப் பார்க்கும் நண்பர் ஒருவர் "மூலிகம் வடமொழி, உறுப்புத்தான் தமிழ்" என்று விடாமல் வாதாடுகிறார். சரி, மூலம் வடமொழிதான். ஆனால் மூலம் என்றால் வேர். இலத்தீன்காரன் எதைப் பார்த்துப் பெயர் வைத்தானோ அதையே பார்த்து வைத்த சொல் அது. உறுப்பு என்றதும் எனக்குக் கையும் காலும்தான் நினைவுக்கு வருகின்றன. உடலுக்கு மூலிகம் என்ன செய்யும் என்று எழுதும்போது "இயங்குறுப்புகள் உள்ளுறுப்புகளைப் பாதிக்கின்றன" என்று எழுத வேண்டி வரும். வாசிப்பவர் எந்த உறுப்பை என்று தேடுவார்? கணிதத்திலும் தொடரின் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. தூய்மை வேண்டும் என்பவர்கள் 'தனிவேர்' என்றாவது சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

மூலிகத்துக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. மாமாவுக்குச் சொன்னபோது "மூலிகையா?" என்று கேட்டார். இரண்டுக்கும் மூலம் ஒன்றே, ஆனால் மூலிகை மூலிகத்தை அடக்கும் என்று ஒருவர் விளம்பரம் எழுதினால் திண்டாட்டம்தான். அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர், சென்னையில் 1930களில் நடந்த கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். அப்படிப்பட்டவர் பிறந்த பக்கத்திலேயே புழங்கும் சொல்லை விட்டுவிட்டுத் கணினித் திரைக்குள்ளிருந்து வருவதை எடுக்கிறோம்.

துண்டில் 'நுண்குமிழி' என்பதும் பிழை. நுண் என்பது மைக்கிரோவுக்குப் போய்விட்டது. 1 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரையுள்ளவை நுண்குமிழிகள். இங்கே பேசப்படுவது 1 மைக்கிரோமீற்றருக்கும் கீழே. நனோமீற்றர் என்று பள்ளியில் சொல்கிறோம், ஆகவே நனோக்குமிழி. சோடாக் குமிழி போல மேலெழும்பி வெடிக்காமல் இவை தண்ணீருக்குள்ளேயே அலையும். 200 நனோமீற்றர் விட்டமுள்ள குமிழியின் உள்ளே வெளியைவிட ஏறத்தாழ 14 வளிமண்டல அமுக்கம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியிருந்தும் அது உடனே கரைந்துபோகாமல் நிற்பது எப்படி என்று விஞ்ஞானிகளே சண்டை பிடிக்கிறார்கள்.

கடைசியில் அந்த 'ஒழிக்கும்'. இதில்தான் பொருளே கவிழ்கிறது. ஓசோன் குமிழி நீரில் ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும். கிருமியைக் கொல்வதில் அதற்கும் பங்குண்டு. ஐதரசன் அந்த ஐதரொட்சில் மூலிகத்தைத் தணிக்கும் என்று 2007இல் யப்பானிய ஆய்வொன்று சொன்னது. ஒரு வாயு கூட்டும், இன்னொன்று குறைக்கும். ஆகவே 'கட்டுப்படுத்தும்' என்றுதான் எழுத வேண்டும்.

"இவங்கட மிசின்ல என்ன வாயு மாமா?" என்று கேட்டேன். துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விலையும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. வாயுவின் பெயர் இல்லை.