மாணவர் கருத்தரங்கில் காட்டுவதும் வெளியீடே

அறிவியல் துறைகளின் முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடத்தும் ஆய்வுக் கருத்தரங்கை, பெரிய மாநாடுகளுக்கு முன் பேசிப் பழகும் ஓர் ஒத்திகையாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கின்றனர். பழகுவதற்கு அது நல்ல இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் குழுவிலும், மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருந்து நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது ஒன்றுதான்: யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கக்கூடிய கூடத்தில் வைத்த ஆய்வுப் போஸ்டர், கருத்தரங்கை நடத்துபவர்கள் மாணவர்கள் என்பதால் மட்டும் வெளியீடு அல்லாமல் போய்விடாது.

இதற்குச் சட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. சோயா நாரைக் கொண்டு இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் உணவைப் பற்றி இரண்டு ஆய்வாளர்கள் 1998 அக்டோபரில் அமெரிக்கத் தானிய வேதியியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஏறத்தாழ இரண்டரை நாள் போஸ்டர் வைத்தனர். அடுத்த மாதம் அதே போஸ்டர் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு நாளுக்கும் குறைவான நேரம் காட்சியில் இருந்தது. எவருக்கும் பிரதி வழங்கப்படவில்லை. எந்த நூலகப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. ஆயினும் 2000 அக்டோபரில் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, அவர்களுடைய சொந்தப் போஸ்டரே அதற்குத் தடையாக வந்து நின்றது. அது அச்சு வெளியீட்டுக்குச் சமம் என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. எவ்வளவு நேரம் காட்சியில் இருந்தது, பார்த்தவர்களுக்குத் துறை அறிவு எவ்வளவு, படியெடுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருந்ததா, படியெடுப்பது எவ்வளவு எளிது என்பவற்றையே நீதிமன்றம் எடைபோட்டது. ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கும் இன்றைய கூடத்தில், இந்தக் கடைசிக் கேள்விக்கு மாணவருக்குச் சாதகமான விடை கிடைப்பது அரிது.

அமெரிக்கச் சட்டம், ஆய்வாளர் தாமே வெளியிட்ட நாளிலிருந்து விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையில், மிகக் குறுகிய விதிவிலக்குகள் நீங்கலாக, அத்தகைய அவகாசம் இல்லை. விண்ணப்பத்துக்கு முன் எங்கே எந்த வடிவில் வெளியாகியிருந்தாலும் காப்புரிமைக்குத் தேவையான புதுமைத் தன்மை போய்விடும். இதில் மாணவர்கள் எளிதில் கவனிக்கத் தவறுவது தேதி. சுருக்கங்களின் தொகுப்பு கருத்தரங்குக்குச் சில வாரங்கள் முன்னரே இணையத்தில் ஏற்றப்பட்டால், வெளியீட்டு நாள் அதுவே. பேசிய நாள் அல்ல. ஆகவே புதிய சேர்மமோ, கருவியோ, வினையூக்கியோ உங்கள் ஆய்வில் இருந்தால், சுருக்கத்தை அனுப்புவதற்கு முன்பே நெறியாளரிடமும் பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவிடமும் கேட்டுவிடுங்கள். தேதியை உறுதிசெய்துகொண்டு முழு விவரத்தைப் பின்னர் தரும் தற்காலிக விண்ணப்பத்துக்கு இடம் தரும் நாடுகளில் அதைத் தாக்கல் செய்ய நீண்ட காலம் ஆவதில்லை. அதன்பின் தயக்கமின்றிப் பேசலாம்.

காப்புரிமைக்கு இடமே இல்லாத துறைகளிலும் எதைக் காட்டலாம் என்ற கேள்வி எழும். இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் வாழும் பாம்புக்கழுத்து ஆமை தனி இனமாக 1994-இல் விவரிக்கப்பட்ட பின், சேகரிப்பாளர்களுக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இயற்கை வாழிடத்தில் அழிவின் விளிம்புக்கே தள்ளப்பட்டது. அரிய உயிரினத்தைப் பற்றிய போஸ்டரில் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையோடு வரைபடம் தொங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. மாவட்ட அளவிலான வரைபடமே அறிவியல் வாதத்துக்குப் பெரும்பாலும் போதும். நோயாளிகளின் படங்களைக் காட்டுவோர், ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பெயரும் தேதியும் மறைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் படிவம் கருத்தரங்கில் காட்டுவதற்கும் இடம் தருகிறதா என்பதையும் படித்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு எதையுமே காட்டாமல் இருப்பதே பாதுகாப்பு என்று சில மாணவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர்; அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கருத்தரங்கில் காட்டினால் ஆய்விதழ் ஏற்காது என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் பரிந்துரைகளே, கூட்டத்தில் வாசித்த சுருக்கத்தையும் போஸ்டரையும் முழுக்கட்டுரைக்குத் தடையாகக் கொள்வதில்லை. வேறு துறைத் தோழர் ஒருவர் போஸ்டர் முன் நின்று, “இந்த அளவீட்டை வெற்று மாதிரியில் செய்து பார்த்தீர்களா?” என்று கேட்கும் கேள்வி, பல மாத உழைப்பு தவறான திசையில் போகாமல் தடுக்கும். அந்தக் கேள்வி மூடிய அறையில் கிடைக்காது.

வெளியீடு என்று ஏற்றுக்கொண்டால், எழுதும் முறையும் மாறியாக வேண்டும். “முடிவுகள் அரங்கில் விளக்கப்படும்” என்று முடியும் சுருக்கங்கள் இன்னமும் வருகின்றன. கையில் இல்லாத முடிவுக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவைக்கும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கையில் இருக்கும் அளவுக்கு எழுதி, தொடக்கநிலைத் தரவு என்று குறிப்பிட்டாலே போதும். வரைபடத்தில் உள்ள பிழைக்கோடு, தரவின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கமா, சராசரியின் நிச்சயமின்மையைச் சொல்லும் திட்டப் பிழையா என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள். ஒன்பது மாதிரிகள் இருந்தால் இரண்டாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, அதே தரவு மிகத் துல்லியமானதாகத் தோன்றும். இணை ஆசிரியர் ஒவ்வொருவரும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பெயரைச் சேர்த்துவிட்டுப் பிறகு தெரிவிப்பது மரியாதை ஆகாது.

சுருக்கம் அனுப்பிய பின் எண் மாறினால், போஸ்டரின் மேற்பகுதியிலேயே அந்த மாற்றத்தை எழுதிவிடுங்கள். காட்டக் கூடாத ஒன்று அதில் இருப்பது தெரியவந்தால், தொகுப்பு அச்சுக்கோ இணையத்துக்கோ போகும் முன்பே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போஸ்டரைச் சுருட்டி எடுத்துச் சென்றாலும், சுருக்கம் வெளியானது வெளியானதுதான்.