மைக்குக்கு மட்டும் கேட்கும் ஃபேன்

கம்ப்யூட்டரில் குரல் பதிவு முடிந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ‘உஸ்ஸ்…’ என்று ஓர் இரைச்சல். பேசும்போது இது காதில் விழவே இல்லையே? விழுந்தது, மூளைதான் சட்டை செய்யவில்லை. மாறாமல் ஒலிக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடுவது அதன் வழக்கம். மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. போதாக்குறைக்கு, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரெஸரைப் போட்டு ஒலியை 10 டெசிபெல் தூக்கினால், இடைவெளிகளில் பதுங்கியிருந்த இரைச்சலும் அதே 10 டெசிபெல் ஏறிவந்து முன்னால் நிற்கும்.

இந்த இரைச்சலைக் கிளப்பும் கம்ப்யூட்டர் ஃபேனைக் கூர்ந்து கேளுங்கள். இரண்டு விதச் சத்தம் இருக்கும். காற்று இறக்கைகளில் மோதிக் கலைந்து சுழல்வதால் வரும் ‘உஸ்’ ஒன்று. ஒரே சுருதியில் நிற்கும் ரீங்காரம் இன்னொன்று. இந்தச் சுருதியை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 7 இறக்கை, நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று. இருபதை ஏழால் பெருக்கினால் 140 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் அடிச்சுருதி நடமாடும் இடமும் அதுதான். ஃபில்டரால் அதை வெட்டப் போனால் குரலும் சேர்ந்து அடிவாங்கும். இறக்கையை ஒட்டிக் கம்பி வலை இருந்தால், ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது காற்று அதில் இடிபட்டு ரீங்காரம் இன்னும் தூக்கலாகும்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகிறது. ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்குகிறது. 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத்தான் தோன்றும். 80 மில்லிமீட்டர் ஃபேனைக் கழற்றிவிட்டு 140 மில்லிமீட்டர் ஃபேனை நிதானமாக ஓடவிடுவதன் ரகசியம் இதுதான். அதே அளவு காற்றைத் தள்ள அது அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஃபேன் சும்மா சுற்றவில்லை, சூட்டை வெளியேற்றத்தான் சுற்றுகிறது. இதை மறந்துவிட்டு நான் ஒருமுறை கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கனமான போர்வையைப் போர்த்தினேன். ஐந்து நிமிடம் அருமையான அமைதி. அப்புறம் உள்ளே சூடேறி, அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. சத்தத்தை மூடுவதைவிடச் சூட்டைக் குறைப்பதே புத்திசாலித்தனம். தூசியைத் தட்டுங்கள். பிராசஸர் தேவைப்படும்போது தானாக எட்டும் உச்ச வேகமான ‘டர்போ’வை அணைத்துவிடுங்கள். பிராசஸர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் (square) உயர்கிறது. உச்ச வேகத்துக்கு மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும் என்பதால், அந்தக் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குச் செலவாகும் சூடு மிக அதிகம். வெறும் குரல் பதிவுக்கு அது தேவையே இல்லை.

மைக்கை வைக்கும் விதத்திலும் நிறைய மிச்சம் பிடிக்கலாம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 15 ஆக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும்; அந்த அளவுக்கு கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவைக் குறைத்தால் ஃபேனும் அடங்கும். கம்ப்யூட்டரைத் தள்ளி வைப்பதும் இதே கணக்குதான் என்றாலும், ஓரளவுக்கு மேல் பலிக்காது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுக்க நிறைந்திருக்குமே! முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் ‘கார்டியாய்ட்’ வகை மைக்குக்கு நேர் பின்புறம் காது கேட்காது. ஃபேனை அங்கே வையுங்கள். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் ‘சூப்பர்கார்டியாய்ட்’ வகை என்றால் கதை வேறு. அதன் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை, முன்புறத்திலிருந்து சுமார் 125 பாகை திரும்பிய கோணத்தில் இருக்கிறது. இது தெரியாமல் லேப்டாப்பை நேர் பின்னால் வைத்துவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் உண்டு.

மேசையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசாகக் குறுகுறுத்தால், அதிர்வு மைக் ஸ்டாண்ட் வழியாகவும் ஏறுகிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு அடியில் ரப்பர் திண்டு வைத்தால் போதும்.

இதையெல்லாம் செய்தபின்தான் இரைச்சல் நீக்கும் மென்பொருள். வெறும் இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று குறித்துக்கொண்டு, பதிவு முழுவதிலும் அதைக் கழித்துவிடும். பேராசைப்பட்டு அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். பதிவின் நடுவே ஃபேன் வேகம் மாறினாலும் மாதிரி பொருந்தாமல் போகும். அதனால் ஏறி இறங்கும் மெல்லிய சத்தத்தைவிட, மாறாத சற்றே பெரிய சத்தம் மேல். பதிவு முடியும்வரை ஃபேனை ஒரே வேகத்தில் பூட்டிவிடுங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் பேச ஆரம்பிக்காமல் 10 நொடி வாயைத் திறக்காமல் உட்காருங்கள். மாதிரிக்கு அது போதும்.