ரெபுடியேஷன்: நிராகரிப்பா, மறுதலிப்பா?

காப்பீட்டு நிறுவனம் பணம் தராதபோது வரும் கடிதத்தில் ‘குளோஸ்டு’ என்றிருக்கும், அல்லது ‘ரெபுடியேட்டட்’ என்றிருக்கும். இரண்டையும் ‘கிளைம் போச்சு’ என்று ஒன்றாகப் படித்துவிடக் கூடாது. முன்னது பெரும்பாலும் காகிதக் குறை. கேட்ட அசல் பில்லைக் கொடுத்துக் கோப்பை மறுபடி திறக்கச் சொல்லலாம். பின்னது, ‘இந்தச் செலவுக்கு நாங்கள் பொறுப்பே இல்லை’ என்ற அறிவிப்பு.

‘ரெபுடியேஷன்’ என்பதன் வேர், ‘ரெபுடியம்’ என்ற இலத்தீன் சொல். ரோமானியச் சட்டத்தில், நிச்சயித்த மணத்தை முறிப்பதற்கும் கணவனோ மனைவியோ ஒருதலையாக விலகுவதற்கும் அந்தப் பெயர். விலகுகிறவர் சொல்லும் வாசகமும் பதிவாகியிருக்கிறது: ‘உன் பொருளை நீயே வைத்துக்கொள்.’ பிறகு ஒப்பந்தச் சட்டத்தில், ஏற்றுக்கொண்ட பொறுப்பை ஒரு தரப்பு உதறுவதைக் குறித்தது.

தமிழில் ‘நிராகரிப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். வேட்புமனுவையும் நிராகரிக்கிறார்கள், அங்கே முன்னதாக ஓர் உடன்பாடு இருக்கத் தேவையில்லை. ‘மறுதலிப்பு’ அப்படியல்ல. பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலித்தான் என்று தமிழ் விவிலியம் சொல்லும்போது, நன்றாகத் தெரிந்தவரைத் தெரியாது என்றான் என்பது பொருள். பிரீமியம் வாங்கியபின் பொறுப்பில்லை என்பதற்கு ‘பொறுப்பு மறுதலிப்பு’ என்பதே சரியான தமிழ் என்பேன். ‘கிளைம்’ என்பதையும் ‘கோரிக்கை’ என்று இரக்கும் தொனியில் சொல்லாமல் ‘உரிமைகோரல்’ என்றே சொல்லலாம்.

மறுதலிப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். ‘இன்னதற்குப் பணம் கிடையாது’ என்று பாலிசியில் உள்ள விலக்கு விதியைச் சொல்லிப் பணம் மறுத்தால், அது பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்துடையது. கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை வழக்கின்போது கொண்டுவர முடியாது. 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆகவே போனில் வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த விதி, எந்த ஆதாரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அடிக்கடி வரும் காரணம், முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்பது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் பல நேரங்களில் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒற்றை வரி. அட்மிஷன் நேரத்தில் பதற்றத்தோடு உறவினர் சொன்னதைக் கேட்டு, ‘சர்க்கரை, 10 வருடம்’ என்று டியூட்டி டாக்டர் எழுதியிருப்பார். உண்மையில் 1 வருடமாக இருக்கும். உள்நோயாளி கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி. தவறு என்றால், சிகிச்சை தந்த மருத்துவரிடமே திருத்தச் சான்று வாங்கி, சர்க்கரை கண்டறிந்தபோது எடுத்த முதல் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு இணையுங்கள்.

காலமும் துணை நிற்கும். ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டு கடந்தால், மோசடி என்றுகூடச் சொல்லி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது; 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. விட்டுப்போன பாலிசியைப் புதுப்பித்திருந்தால் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும். மருத்துவக் காப்பீட்டில் இடைவெளியின்றி 60 மாதம் கடந்தால், நிரூபித்த மோசடி தவிர, மறைத்தீர்கள் என்ற காரணம் செல்லாது. 2024-க்கு முன் இது 8 ஆண்டு.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம்; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான உரிமைகோரலை அங்கே கொண்டுபோகலாம்; கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஒப்பவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். ஆணையத்துக்கான கெடு 2 ஆண்டு. பதில் வந்த தபால் உறையையும் கடிதத்தோடு வைத்திருங்கள். ஓராண்டுக் கணக்குக்கு அந்த முத்திரைத் தேதி வேண்டும்.