நாணை இழுக்கும்போது தோள்பட்டை வலிக்கிறதா?

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வில்வித்தை பழகுகிறவர்கள் தோள்பட்டை வலியோடு வந்தால், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே வில் எத்தனை பவுண்டு, அதாவது நாணை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்பேன். பழக ஆரம்பித்துச் சில மாதங்களே ஆனவர் 40, 45 என்று சொன்னால் வலியின் காரணம் பாதி புரிந்துவிடும்.

மர வில், மூங்கில் வில், நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில் எல்லாவற்றிலும் நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்ட் வில்லில் இருக்கும் உருளைகள், முழுதாக இழுத்ததும் பெரும்பகுதிப் பாரத்தைக் குறைத்துவிடும். பாரம்பரிய வில்லில் அந்த வசதி கிடையாது. குறி பார்த்து நிற்கும் அந்த நொடியில்தான் உடம்பு அதிகபட்சப் பாரத்தைத் தாங்குகிறது. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால் இன்னும் நான்கைந்து பவுண்டு கூடிவிடும். வில் வாங்கும்போது பலரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தப் பாரத்தை எந்தத் தசை சுமக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புதியவர்கள் முழங்கையை மடக்கி, புஜத்தின் பலத்தால் இழுக்கிறார்கள். புஜம் சீக்கிரம் களைத்துவிடும். களைத்ததும் தோள் காதை நோக்கி ஏறும். தோள் ஏறிய நிலையில் பாரம் இழுத்தால், தோளின் உச்சி எலும்புக்கும் புஜ எலும்பின் தலைக்கும் நடுவே போகும் தசைநாண் நசுங்கும். ஒருநாள் நசுங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் நசுங்கினால் புண்ணாகி, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியாது.

சரி, எப்படி இழுப்பது? வில்லைப் பிடிக்கும் கையை இறுக்காதீர்கள். கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேட்டில் வில் அழுந்தி நின்றால் போதும். முழங்கையின் உள்மடிப்பு மேலே பார்த்தால் நாண் முன்கையில் அடிக்கும். மடிப்பு பக்கவாட்டில் இருக்கும்படி கையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாணை மூன்று விரல்களின் முதல் மூட்டில் மாட்டுங்கள்: அம்புக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. வாளியைத் தூக்கும்போது விரல்கள் வளைவதுபோல வளைந்தால் போதும், மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும். மங்கோலிய, துருக்கிய, கொரிய முறைகளில் கட்டைவிரலில் வளையம் மாட்டி இழுப்பார்கள், அம்பும் வில்லின் மறுபக்கத்தில் இருக்கும். வீடியோ பார்த்து இரண்டையும் கலக்க வேண்டாம்.

அப்புறம், இரண்டு தோள்களையும் கீழே இறக்கிவிட்டு இழுக்க ஆரம்பியுங்கள். வலது கையால் இழுப்பவர் என்றால், வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர வேண்டும். முழங்கை பின்னால் சுற்றிப் போய் அம்புக்கு நேர்கோட்டில், அல்லது சற்று மேலே நிற்கும். விரல் வாயின் ஓரத்தைத் தொடும். நாண் முகத்துக்கு வர வேண்டும். முகம் நாணைத் தேடிப் போகக் கூடாது. கழுத்து முன்னால் நீண்டாலும், இடுப்பு பின்னால் சாய்ந்தாலும், கை நடுங்கினாலும் அந்த வில் உங்களுக்கு இன்னும் பாரம் என்று அர்த்தம். அப்போது அம்பை விடாமல் நாணை மெதுவாகத் தளர்த்துங்கள். அம்பில்லாமல் நாணை மட்டும் விட்டுவிடவும் கூடாது, வில் உடைந்து காயப்படுத்தலாம்.

பலம் போதாதபோது வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, வெடுக்கென்று இறக்கி இழுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். தோளுக்கு அது மோசமான கோணம். விரல் வழுக்கினால் அம்பு தடுப்பைத் தாண்டிப் போய்விடும்.

பெரியவர்கள் 20, 25 பவுண்டில் தொடங்கினால் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1549-இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் முன் பிரசங்கம் செய்த ஹியூ லாட்டிமர், வில்லைக் கை பலத்தால் இழுக்காமல் உடம்பின் பலத்தால் இழுக்கத் தன் தந்தை கற்றுத் தந்ததைச் சொல்கிறார். வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்தான் அவருக்குக் கிடைத்தது. வளர வளரத்தான் வில்லும் பெரிதானது. அதே காலத்தில், 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோளின் உச்சி எலும்பு ஒன்றுசேராமலே இருந்தது. சிறுவயதிலிருந்து கனமான வில் இழுத்தது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அந்த எலும்பு முழுதாகச் சேர இருபது வயதுக்கு மேலும் ஆகலாம். அதனால்தான், போட்டி வருகிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாரம் கூட்டச் சொல்லும் பெற்றோரிடம் நான் பிடிவாதமாக மறுக்கிறேன். முழுதாக இழுத்து, தோள் ஏறாமல், பத்து நொடி அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகு இரண்டு பவுண்டு கூட்டலாம். ஏற்கெனவே வலி இருந்தால் வில்லைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் பட்டையில் முதுகுத் தசைகளைப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் குறையாத வலியையும், கையைத் தூக்க முடியாத வலியையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திரும்ப வில்லைத் தொடும்போது பழையதைவிடப் பாரம் குறைந்த வில்லாக இருக்கட்டும்.