கெரோ: முற்றுகையா, வளைப்பா?

ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரை மாணவர்கள் அவருடைய அறையிலேயே விடியவிடிய வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்று கொல்கத்தாவிலிருந்து செய்தி வந்தால், தமிழ் நாளேட்டின் மொழிபெயர்ப்பு மேசையில் அது பெரும்பாலும் ‘துணைவேந்தர் முற்றுகை’ ஆகிவிடுகிறது. மூலச் செய்தியில் இருக்கும் சொல் ‘கெரோ’. நானும் நெடுநாள் அதை அப்படியே மாற்றி எழுதியவன்தான். இப்போது அந்த மாற்றம் சரியில்லை என்று தோன்றுகிறது.

இந்தியில் ‘கேர்னா’ என்னும் வினைக்குச் சூழ்தல், வளைத்துக்கொள்ளுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘கேராவ்’. வங்காளத்தில் அது ‘கேராவோ’. இரண்டிலும் நடுவில் நெடில் ஆகாரம் தெளிவாக ஒலிக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதிய நம் ஏடுகள் அந்த ஆகாரத்தை விழுங்கி, ‘கெரோ’ என்றும் ‘கேரோ’ என்றும் நிலைநிறுத்திவிட்டன.

இந்தச் சொல்லை நாடெங்கும் பரப்பியது 1967ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சில் மேற்கு வங்கத்தில் அஜய் முகர்ஜி தலைமையில் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்றது. ஆலைகளில் ஆட்குறைப்பு, நிலுவை ஊதியம், ஆண்டுக்கணக்கில் முடியாத தொழில் வழக்குகள் எனத் தொழிலாளருக்குக் குறைகள் குவிந்திருந்த காலம் அது. தொழிலாளர் துறை அமைச்சர் சுபோத் பானர்ஜி போராட்டக்காரர்களின் பக்கம் நின்றார். கெரோ நடக்கும் இடத்தில் அமைச்சரைக் கேட்காமல் காவல்துறை தலையிடக் கூடாது என்று அரசே சுற்றறிக்கை அனுப்பியது. மேலாளர் தம் நாற்காலியில் இருப்பார். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள் அல்லது தரையில் அமர்ந்திருப்பார்கள். கோரிக்கைத் தாளில் கையெழுத்திடும் வரை அவர் எழுந்து போக முடியாது. பல இடங்களில் மின்விசிறி நிறுத்தப்பட்டது, உணவும் தண்ணீரும் தடுக்கப்பட்டன, கழிப்பறைக்குச் செல்வதும் சுற்றி நின்றவர்களின் தயவைப் பொறுத்ததாயிற்று. கோரிக்கை நியாயமாகவே இருந்தாலும், ஒருவரின் வேர்வையையும் தாகத்தையும் பேச்சுவார்த்தையின் கருவியாக்கியது அங்கே நடந்த புதுமை.

அதே ஆண்டு செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கைகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. சூழ்ந்து நின்றோ, வலிந்து புகுந்து அமர்ந்தோ ஓர் இடத்தையோ ஆட்களையோ முடக்குவது கெரோ என்றும், முறையற்றுத் தடுத்தலும் முறையற்று அடைத்துவைத்தலும் அதனோடு தவறாமல் சேர்ந்தே வருகின்றன என்றும் தீர்ப்பு வரையறுத்தது. இவ்விரு குற்றங்களும் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 339, 340ஆம் பிரிவுகள். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 127ஆம் பிரிவுகள். இரண்டாம் முறை முதல்வரான அஜய் முகர்ஜி, மாநிலத்தில் சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று 1969 டிசம்பரில் தம் அரசையே எதிர்த்துக் கர்சன் பூங்காவில் சத்தியாகிரகம் இருந்தார். அந்த அரசை அவர் ‘அசப்ய’, அதாவது அவைக்கு ஆகாதது, நாகரிகமற்றது என்று கண்டித்தது வங்க அரசியலில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இனி, ‘முற்றுகை’. முற்றுதல் என்பது சூழ்தல். ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’ என்று தொல்காப்பியம், கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணைக்கு இலக்கணம் சொல்கிறது. அங்கே முற்றப்படுவது அரண். முற்றுகையிலும் பசியும் தாகமும் உண்டு. சோழன் நலங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை முற்றியபோது உள்ளே குழந்தைகள் பாலின்றி அலறியதையும் வீடுகளில் நீரில்லாததையும் புறநானூற்றின் 44ஆம் பாட்டில் கோவூர் கிழார் பாடுகிறார். ஆனால் அவர் அதைப் பாடுவது கோட்டைக்குள் அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியிடம்: அறத்தை நினைத்தால் ‘நினது’ என்று சொல்லிக் கதவைத் திற, மறத்தை நினைத்தால் போரிடத் திற என்கிறார். எப்படியானாலும் திறக்க வேண்டியவன் உள்ளே இருப்பவன். கெரோவில் அறையின் தாழ்ப்பாள் வெளியே நிற்பவர் கையில் இருக்கிறது. ‘முற்றுகை’ என்னும் சொல் இந்த வேறுபாட்டை மறைத்து, நாற்காலியில் முடங்கிக் கிடக்கும் ஒரு மனிதரைக் கோட்டையாக்கிவிடுகிறது.

நம் ஊரில் ‘ஆட்சியர் அலுவலகம் முற்றுகை’ என்று எழுதுவதில் எனக்குத் தடையில்லை. வாயிலில் முழக்கமிடுவார்கள், காவல்துறை கைது செய்யும், திருமண மண்டபத்தில் தங்கவைத்து மாலையில் விடுவிக்கும், முற்றப்படுவது கட்டடம்தான். ‘மறியல்’ வழியை மறிப்பது. கள்ளுக்கடை மறியல் காலத்திலிருந்தே அந்தப் பொருள் தெளிவாக நிற்கிறது. ‘சிறைபிடிப்பு’ கெரோவுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் குடிநீர் வராத கோபத்தில் ஊரார் அரசுப் பேருந்தை நிறுத்திவைப்பதற்கெல்லாம் அதையே எழுதி அதன் முனையை மழுக்கிவிட்டோம்.

எஞ்சுவது ‘வளைத்தல்’. ‘வளைத்து நின்று ஐவர் கள்வர் வந்தெனை நடுக்கம் செய்ய’ என்று அப்பர், ஐம்புலன்களுக்கு நடுவே அகப்பட்ட ஒற்றை உயிரைப் பாடுகிறார். கெரோவின் பொருளும் உணர்ச்சியும் அந்த அடியில் ஒருங்கே இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிய ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் வட்டம் ஒன்று வரைந்துவிட்டால், கடனைத் தீர்க்காமல் அல்லது பிணை தராமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. அரசனிடம் பணம் வரவேண்டியிருந்த அயல்நாட்டு வணிகர் ஒருவர், குதிரைமேல் வந்த அரசனையே சுற்றிக் கோடு கிழித்துவிட, பணம் கைக்கு வரும் வரை அரசன் குதிரையை நகர்த்தவில்லை என்கிறார் போலோ. அதுவும் வளைப்புதான். ஆனால் அங்கே நின்றது ஒரே ஓர் ஆள், அவர் கையில் இருந்தது ஒரு கோடு. அரசன்மேல் விரல்கூடப் படவில்லை.

ஆகவே இடத்தைச் சூழ்ந்தால் முற்றுகை என்றும், ஆளைச் சூழ்ந்தால் வளைப்பு என்றும் பிரித்து எழுதலாம். வினையாக எழுதும்போது ‘துணைவேந்தரை மாணவர்கள் வளைத்துவைத்தனர்’ என்பது இயல்பாக வருகிறது. ‘முற்றுகையிட்டனர்’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட முடியும். ‘வளைத்துவைத்தனர்’ என்று எழுதினால் எத்தனை மணி நேரம், தண்ணீர் கொடுத்தார்களா என்று செய்தி ஆசிரியர் கேட்பார், நிருபர் திரும்பவும் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கும்.