கண்ணாடிமேல் கவிழ்த்த ஓவியம்

மரியா சிபில்லா மெரியன் 1647இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஓவியர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்து தானாகவே உண்டாகும் என்று பலரும் நம்பிய காலம் அது. அவரோ முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி, அது தின்னும் செடி என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரைந்தார். 52 வயதில் இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே கண்டதெல்லாம் 1705இல் 60 படங்களுடன் நூலாக வந்தது.

அவருடைய பூவையும் இறக்கையையும் மட்டும் பிய்த்தெடுத்துத் துணியில் அச்சடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புழுவையும் செடியையும் பிரிக்காத அந்தப் பக்க அமைப்புதான் அவர் தந்த கொடை. அதைச் செட்டிநாட்டின் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வார்த்துப் பார்க்கலாம். செட்டிநாட்டுப் பொட்டல்களில் எருக்கு ஏராளம். அதில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிப் புழுவின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் ஆத்தங்குடிக் கல்லுக்கென்றே அமைந்தவை போலிருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. துடைத்த கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தடுப்புகள் கொண்ட அச்சை இறக்குவார்கள். சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவினால் அது மிகுந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் மேலே சாந்து அப்பி மட்டம் செய்வார்கள். காய்ந்தபின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சிமெண்டு நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்பதால் இந்தக் குளியல் அவசியம். கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு கல்லில் அப்படியே படிந்திருக்கும்.

சரி, கண்ணாடியைத் தொட்டிருந்த அடிப்பக்கம்தானே மேல்முகமாகிறது? அதனால் படம் இடவலம் மாறிவிடும். வழக்கமான பூக்கோலம் இருபுறமும் ஒன்றுபோல இருப்பதால் வித்தியாசம் தெரியாது. வலப்பக்கம் ஊர்ந்த புழுவோ இடப்பக்கம் திரும்பிவிடும்.

மெரியனுக்கும் இதே சிக்கல் இருந்தது. செப்புத்தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறித்தான் விழும். அவர் சில பிரதிகளுக்கு மை காயாத அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினார். படம் மறுபடி திரும்பி நேரானது. கோடுகள் மெலிந்து, தகட்டின் விளிம்புத் தடமும் இல்லாமல் போனதால், வண்ணம் தீட்டியபின் அது கையால் வரைந்த ஓவியம் போலவே இருந்தது.

இறுகிய சிமெண்டை இப்படி இரண்டாம் முறை ஒற்றியெடுக்க முடியாது. ஆகவே எருக்கம்புழுவுக்கு அச்சு செய்பவர் வரைபடத்தை முதலிலேயே திருப்பிப் போட்டுத்தான் தடுப்புகளை வளைக்க வேண்டும். அதன் முதுகிலுள்ள மூன்று ஜோடி மெல்லிய கொம்புகள் அச்சில் அடங்காது. அவற்றைக் கைப்பழக்கமுள்ள ஆசாரி கண்ணாடியிலேயே முதலில் இழுத்துவிட வேண்டும்.