வேகமான இணைப்பிலும் வானிலைத் தரவு ஏன் பின்தங்குகிறது?

"எங்கள் இணைப்பு 1 ஜிகாபிட். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் முழு வேகமும் தெரிகிறது. ஆனால் வேறொரு கண்டத்திலிருந்து வரும் வானிலை மாதிரித் தரவு மட்டும் ஒரு மணி நேரம் வரை பின்தங்குகிறது. சில கோப்புகள் வருவதே இல்லை. ஏன்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அவர் பயன்படுத்துவது, வானிலைத் தரவைப் பகிர்ந்துகொள்ள உதவும், யூனிடேட்டாவின் எல்டிஎம் (LDM) மென்பொருள். அதில் தரவு ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கைமாறும். ஒவ்வொரு சர்வரிலும் குறிப்பிட்ட அளவுள்ள வரிசை ஒன்று உண்டு. இடம் போதாவிட்டால் மிகப் பழையது அழிக்கப்படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசானதை அனுப்பாமல் விட்டுவிடுவதும் அதன் இயல்பான அமைப்பு. ஆகவே அவர் சொன்ன "ஒரு மணி நேரம்" தற்செயல் அல்ல. தாமதம் அந்த எல்லையைத் தொட்டதால்தான் கோப்புகள் காணாமல் போகின்றன. தரவு நமக்காகக் காத்திருக்காது. ஹிமாவரி, கோஸ் போன்ற செயற்கைக்கோள்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டத்தையும் 16 அலைவரிசைகளில் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

சரி, ஸ்பீட் டெஸ்ட் ஏன் இதைக் காட்டவில்லை? அது பக்கத்திலுள்ள சர்வரோடு பேசுகிறது. சிக்கல் தூரத்தில் இருக்கிறது.

இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி (TCP) முறையில், "கிடைத்தது" என்ற ஒப்புகை வராமல் ஓர் அளவுக்கு மேல் அனுப்ப முடியாது. அந்த அளவைக் குறிக்க முதலில் 16 பிட்டுகளே இருந்தன. அதாவது உச்சம் 65,535 பைட். தரவு போய் ஒப்புகை திரும்ப 200 மில்லி விநாடி ஆனால், ஒரு விநாடிக்கு ஐந்து சுற்று. கணக்குப் போட்டால் வெறும் 2.6 மெகாபிட். 1992இல் இந்த எல்லையைப் பெருக்கிக்கொள்ள வழி செய்தார்கள். ஆனால் இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டுகளில் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகளில்) மட்டுமே இரு பக்கமும் அதற்கு ஒப்புக்கொள்ள முடியும். நடுவில் தரவை வடிகட்டும் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டால், அந்த இணைப்பு அறுகிறவரை 65,535தான். முதலில் இதைச் சோதித்துவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த, இன்னும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, 1988இல் நெரிசலைத் தவிர்க்கும் முறையை வெளியிட்டார். அந்த வழியில் வந்த விதி மிக எளிமையானது: ஒரு பாக்கெட் தொலைந்தால் வேகத்தைப் பாதியாக்கு, அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாக்கெட் கூட்டு.

இப்போது தூரத்தைச் சேர்த்துப் பாருங்கள். 200 மில்லி விநாடிச் சுற்றில் 1 ஜிகாபிட் இணைப்பை நிரப்ப, எந்நேரமும் சுமார் 17,000 பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் அது 8,500 ஆகிவிடும். பழைய நிலைக்கு வர 8,500 சுற்றுகள், ஏறக்குறைய 28 நிமிடம்! சுற்று 2 மில்லி விநாடி என்றால் வழியில் 170 பாக்கெட்டுதான். அங்கே இழந்ததை மீட்க 0.17 விநாடி போதும். தூரம் நூறு மடங்கு, மீட்சிக் காலமோ பத்தாயிரம் மடங்கு. மீட்க வேண்டிய பாக்கெட்டுகளும் நூறு மடங்கு, ஒவ்வொரு சுற்றின் நேரமும் நூறு மடங்கு என்பதால் இரண்டும் பெருகிவிடுகின்றன. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பூட்டும் கணக்கு இது.

டிசிபியின் வேகத்தை முடிவு செய்யும் புதிய முறைகளான, 2006 முதல் லினக்ஸில் இயல்பாக வரும் க்யூபிக்கும், கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆரும் இந்த மீட்சியை விரைவாக்குகின்றன. இருந்தாலும் இழப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே உண்மையான தீர்வு. பத்தாயிரத்தில் ஒன்று தொலைந்தால், நூறு முறை பிங் செய்தாலும் (சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தாலும்) பெரும்பாலும் தெரியாது. ஸ்விட்ச், ரூட்டர்களின் பிழைக் கணக்கைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை முனையில் ஒட்டிய தூசிகூடக் காரணமாக இருக்கலாம். செயற்கைக்கோளுக்கும் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு, இந்தப் பிழைக் கணக்கைத் தினமும் பார்க்கும் ஆட்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புயல் படம் தாமதமாக வந்தால் யாருக்கும் பயனில்லை.

வேறு இரண்டு அறிகுறிகள்: சிறிய செய்திகள் வந்து பெரிய படங்கள் மட்டும் அப்படியே நின்றால், பாக்கெட் அளவைக் குறைக்கச் சொல்லும் ஐசிஎம்பி தகவலை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். தாமதமே பொய்யாகத் தோன்றினால் கடிகாரத்தைப் பாருங்கள். கோப்பு உருவான நேரத்தை வைத்தே எல்டிஎம் தாமதத்தைக் கணக்கிடுகிறது.

"ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்" என்பது இந்தத் துறையின் மூடநம்பிக்கை. சில சமயம் சரியாகவும் செய்யும், அதற்குக் காரணம் உண்டு. புது இணைப்புக்குப் புதுப் போர்ட் எண் (கணினியில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். ஒன்றாகக் கட்டிய பல கேபிள்களில் எதில் அனுப்புவது என்பதை ரூட்டர் அந்த எண்ணையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நல்ல கேபிள் அமைந்தால் வேகம் திரும்பும். பழுதான கேபிள் பழுதாகவே இருக்கும்.

அதனால் ரீஸ்டார்ட் செய்வதற்குப் பதில், எல்டிஎம்மில் தரவு கேட்கும் கோரிக்கையைக் கோப்பின் வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு என்பதால், ஓர் இழப்பு ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே பாதிக்கும். பிரித்த பிறகு நான்கு சீராக ஓடி ஒன்று மட்டும் தொடர்ந்து பின்தங்கினால், அது போகும் கேபிளை முதலில் சந்தேகப்படலாம். அந்த இணைப்பின் போர்ட் எண்ணோடு நெட்வொர்க் பொறியாளரிடம் சொல்லுங்கள், எந்த கேபிள் என்று அவரால் தேட முடியும்.